சூரியன் இறங்காத விமானம்

விடியுமுன் சஹருக்கு எழுந்தபோதே அண்ணனைக் கூப்பிட்டிருந்தால்?

விரல் போன் வரைக்கும் போனது. அதை ஏன் இழுத்துக்கொண்டேன்? உம்மா வேண்டாம் என்றாள். அது மட்டும்தானா? அவன் வந்தால் வீடே அவனைச் சுற்றி ஓடும், உம்மாவின் கண் என் பக்கம் திரும்பாது என்று மனசின் ஏதோ ஒரு மூலை கணக்குப் போட்டதோ? போட்டிருக்கும். அப்படிப் போடக்கூடியவள்தான் நான். சீ.

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மிஸ்ரியாவின் வாய்க்குள் அந்தச் 'சீ' கசந்துகொண்டிருந்தது. சித்திரை வெயில். சீசன் இல்லாததால் கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. அவள் தேடி வந்த வீட்டின் சன்னல், கதவு, மாடிப்படி எல்லாவற்றுக்கும் கம்பிவலை அடித்திருந்தது. சுற்றுச்சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து, எங்கிருந்தோ தூக்கி வந்த ரொட்டிப் பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வலைக் கதவை உள்ளேயிருந்து ஒருவர் அரையடி மட்டும் திறந்து, அவள் நுழைந்ததும் படக்கென்று சாத்தினார்.

திறந்தவர் பிச்சைமணி. ஓய்வு பெற்ற ஏட்டு. உள்ளே பிரம்பு நாற்காலியில் இருந்தவர் சங்கரேஸ்வரி. தென்காசி மகளிர் காவல் நிலையத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போலீசிடம் போக முடியாத சங்கதிகள் இன்னமும் அவரிடம் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்காகவே பிச்சைமணியும் தினமும் வந்துகொண்டிருந்தார். மிஸ்ரியாவின் உம்மா மெஹர் பானு தைத்த ரவிக்கைகளைத் தவிர வேறு எதையும் சங்கரேஸ்வரி போட்டதில்லை.

"மதுரையில மக வீட்டுல இருந்துட்டேன் மிஸ்ரியா. உங்க அம்மா இறந்தது எனக்குப் பிந்தித்தான் தெரியும்," என்றார்.

மிஸ்ரியா தலையசைத்தாள். வெறுங்கையோடு வரக்கூடாதென்று கொண்டுவந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை, "அண்ணன் கொண்டாந்தது," என்று மேஜையில் வைத்தாள். பிறகு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டாள்.

"அக்கா, ஷார்ஜாவுக்கும் நமக்கும் ஆகாயத்துல எவ்வளவு தூரம்?"

சங்கரேஸ்வரி பதில் சொல்லுமுன் பிச்சைமணியின் கையில் போன் ஏறிவிட்டது.

"இந்தா, இப்பச் சொல்லுதேன். திருவனந்தபுரம் வரைக்கும் நேர்கோட்டுல ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பிளேனு நாலு மணி நேரத்துல கொண்டாந்து போட்டுருவான். அங்கேருந்து புளியறை வழியா கார்ல மூணு மணி நேரம். எதுக்கும்மா, ஆளு வருதா, போகுதா?"

"முதல்ல அவ சொல்லட்டும்வே," என்றார் சங்கரேஸ்வரி.

மிஸ்ரியா சொன்னாள். நோன்பு மாதம். விடியுமுன் சஹர் உணவுக்கு எழுந்தபோதே உம்மாவுக்கு நெஞ்சு கனத்தது. 'காஜாவுக்குச் சொல்லாத, நோன்போட இருக்க பிள்ள பதறிரும்' என்றாள் உம்மா. தென்காசி ஆஸ்பத்திரியில் பகல் சாய்ந்த பிறகு டாக்டர் வெளியே வந்து, கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடுங்கள் என்றார். அப்போதுதான் அண்ணனைக் கூப்பிட்டாள். காஜா போனிலேயே அழுதான். இன்றைய விமானம் போய்விட்டது, நாளை மத்தியான விமானத்தில்தான் வரமுடியும் என்றான். அன்று இரவுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில் உம்மா போய்விட்டாள். கடைசிவரை கேட்டது ஒன்றைத்தான். காஜா வந்துட்டானா?

"அப்ப விடியக்காலம் கூப்பிட்டிருந்தா..." பிச்சைமணி விரல்விட்டு எண்ணினார். "அன்னைக்கு மத்தியானப் பிளேனு. பொழுது சாய எறங்கி, ஒம்பது ஒம்பதரைக்கெல்லாம் தென்காசி. உசிரோட பாத்திருக்..." சங்கரேஸ்வரியின் பார்வை பட்டு நிறுத்திக்கொண்டார்.

"அதேதான் அண்ணே. எங்க அண்ணனும் அதத்தான் சொல்லுதான்." மிஸ்ரியா மேஜையின் மூலையைப் பார்த்தபடி பேசினாள். "நாளன்னைக்கு உம்மாவுக்கு நாப்பதாம் நாள் ஃபாத்திஹா. சொந்தக்காரங்க அத்தன பேரும் வருவாங்க. அவங்க முன்னால நான் எந்திரிச்சு, உம்மா மொகத்த உங்கிட்டருந்து மறச்சிட்டேன், மன்னிச்சிருன்னு அவன்ட்டக் கேக்கணுமாம். கேக்கலைன்னா என் வீட்டு வாசல்ல யாரும் மிதிக்க மாட்டாங்க. உம்மாவோட தங்கச்சி, எங்க மாஜிதா சாச்சி, இப்பவே எங்கிட்டப் பேசுததில்ல. சவுதியில தம்மாம்ல இருக்க எம் புருசன்கூட, கேட்டுத் தொலன்னுதான் சொல்லுதாரு."

"கேக்கப் போறியா?"

"கேட்டுருவேன். ஆனா உண்மையிலேயே என் மேல தப்பான்னு எனக்குத் தெரியணும் அக்கா. தெரியாம சபையில கேட்டா, அது உம்மா பேருல சொல்லுத பொய்யாப் போயிரும்."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அந்த ஐஸ் பெட்டி. இறந்தவரை வைத்துக் காத்திருக்கக் கூடாது. 'என்னய அடுத்த தொழுகை வக்துக்குள்ள எடுத்துருங்க' என்று உம்மா நல்லாயிருந்த காலத்திலேயே சொல்லி வைத்திருந்தாள். ஒற்றை ஆண்பிள்ளை வரவேண்டும் என்பதால் ஜமாஅத்துப் பெரியவர்கள் முனகிக்கொண்டு சம்மதித்தார்கள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பெட்டி உறுமியது. அடியில் சொட்டிய தண்ணீரை மிஸ்ரியாதான் சட்டியில் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்து, உம்மாவின் மூக்கு மட்டும் தெரிந்தது. நோன்பாளிகளின் காய்ந்த வாய் நாற்றமும் பன்னீர் வாடையும் கலந்த அந்தக் கூடத்தை இப்போது நினைத்தாலும் அவளுக்குக் குமட்டும்.

"அண்ணன் வந்த பிரயாணத்தப் பத்தி என்ன சொன்னாரு?" சங்கரேஸ்வரி கேட்டார்.

"அத எல்லார்ட்டயும் சொல்லி அழுதான். நோன்போட பிளேன் ஏறினானாம். சன்னலோரத்துச் சீட்டு. நோன்பு தொறக்கப் பேரீச்சம்பழத்தக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானாம், சூரியன் எறங்கவே இல்லையாம். 'ஷார்ஜாவுல பாங்கு சொல்லி எல்லாரும் தொறந்திருப்பாங்க, எனக்கு இன்னும் மொகத்துல வெயில் அடிக்கி. ஆயுசுலயே நீளமான நோன்பு அது, உம்மாவுக்காகப் பொறுத்தேன்'னான். கேட்டவங்கெல்லாம் அழுதாங்க. நானும் அழுதேன்."

"அவரு கடைசியா ஊருலருந்து கெளம்பிப் போனது எப்ப?"

"ரெண்டு வருசமிருக்கும். அதுவும் நோன்பு மாசந்தான். சாயங்காலம் நோன்போடதான் பிளேன் ஏறினான்."

இந்நேரம் பிச்சைமணி பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பழங்களை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். சங்கரேஸ்வரி பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். ஒரு மூலையில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் அதைக் கிள்ளி உரித்தார். அடியில் பிளாஸ்டிக் நீளமாகக் கிழிந்து, ஓரத்தில் பொடிப் பொடி ஓட்டைகளோடு இழுபட்டுக் கிடந்தது.

"வே பிச்சைமணி, துப்பும்."

"ஏன் மேடம், நல்லாத்தான இருக்கு?"

"துப்பும்னா துப்பும்."

அவர் வெளியே ஓடினார். சங்கரேஸ்வரி பொட்டலத்தை விரல் நுனியால் தள்ளி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்தார். "இது எப்படிக் கிழிஞ்சுதாம்?"

"ஏர்போட்டுல பெட்டியத் தொறந்து சோதிச்சப்பக் கிழிஞ்சுதுன்னான். எல்லாப் பொட்டலத்துலயும் இப்படி இல்ல. ரெண்டு மூணுலதான்."

"உங்க வீட்டுல எலி உண்டா?"

"பூனை வளக்கோம் அக்கா. எலி கெடையாது."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த பிச்சைமணியிடம் சங்கரேஸ்வரி சொன்னார். "ஐந்தருவியிலருந்து பழைய குற்றாலம் வரைக்கும் வாடகைக்கு விடுத பங்களாவெல்லாம் உமக்குத் தெரியும்லா? நோன்பு மாசத்துல யாரு யாரு வந்து தங்குனான்னு கேட்டுட்டு வாரும். போனப் பையில போட்டுட்டுப் போம். ஆளுக மொகத்தப் பாத்துக் கேளும்."

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்கு முன்பே சங்கரேஸ்வரியும் பிச்சைமணியும் மிஸ்ரியாவின் தென்காசி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூடத்தில் ஃபாத்திஹா சமையலுக்கு மாஜிதா சாச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா மகளிடம் பேசாமல் அவள் வீட்டிலேயே வேலை பார்க்கும் சாமர்த்தியம் சாச்சிக்கு இருந்தது. 'அந்தக் கத்திய எடுத்தாரச் சொல்லு' என்று சுவரிடம் சொல்வாள். மிஸ்ரியா கத்தியைக் கொண்டுவந்து வைப்பாள்.

காஜா வெள்ளை ஜுப்பாவோடு வெளியே வந்து சங்கரேஸ்வரிக்கு நாற்காலி போட்டான். அத்தர் மணம் அவனுக்கு முன்னால் வந்தது. துக்கம் கேட்டவரிடம், அவர் கேட்காமலே பயணத்தைச் சொன்னான். சன்னல், பழம், வெயில், பாங்கு. ஒரு சொல் பிசகவில்லை. முடிக்கும்போது குரல் உடைந்தது. உடைகிற இடமும் அதேதான் என்று மிஸ்ரியா கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்னையே அருவருத்தாள்.

"மிஸ்ரியா, ஒரு சந்தேகம்," என்றார் சங்கரேஸ்வரி. "நோன்பு மாசத்துல முதல்ல நோன்பு தொறக்கது யாரு? இங்க நீங்களா, ஷார்ஜாவுல உங்க அண்ணனா?"

"நாங்கதான். நாங்க கஞ்சி குடிச்சு எந்திரிச்ச பெறகும் அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கெடக்கும். அப்பத்தான் வீடியோவுல கூப்பிடுவான். உம்மா கஞ்சிக் கோப்பைய முந்தானைக்குள்ள மறைப்பாங்க. பிள்ள பசியோட பாக்குமேன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். சொன்ன வாக்கியம் திரும்பி அவளையே பார்த்தது.

"சூரியன் இங்க முதல்ல எறங்குது. அங்க பெறகு." சங்கரேஸ்வரியின் குரலில் அவசரமில்லை. "அங்கேருந்து வாற பிளேனு கிழக்க பாத்து வருது. சூரியன் மேற்க பாத்துப் போகுது. ஒண்ண விட்டு ஒண்ணு வெலகுது. அதனால பிளேன்ல பொழுது வெரசாச் சாயும். ஷார்ஜாவுல பாங்கு சொல்லுததுக்கு ரொம்ப முன்னாலயே உங்க சன்னல்ல இருட்டியிருக்கும் தம்பி. அன்னைக்கு உங்க நோன்பு குறஞ்சிருக்கணும். எப்படி நீண்டுச்சு?"

"எனக்கு அப்ப இருந்த மனசுல நேரங்காலமா தெரிஞ்சுது? உம்மா மவுத்தாகிக் கெடக்காங்க. நீங்க கணக்குக் கேக்கியளே!"

"நியாயம். துக்கத்துல நேரம் நீளமாத் தோணும். ஆனா வெயிலு தோணாது. நீங்க சொல்லுத வெயிலு நெசந்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னால நோன்போட இங்கேருந்து போனீங்கள்லா, அப்பப் பிளேனு சூரியனத் தொரத்திக்கிட்டுப் போயிருக்கும். அன்னைக்கு எறங்கியிருக்காது. பொய் சொல்லுதவன் எல்லாத்தையும் புதுசா உண்டாக்க மாட்டான். தனக்கு நடந்தது ஒண்ண எடுத்துப் போட்டுக்குவான். நீங்க போன பிரயாணத்த வந்த பிரயாணமாச் சொல்லிட்டீங்க."

மாஜிதா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "என்னம்மா இது? துக்க வீட்டுல வந்து சூரியன், சந்திரன்னு! எம் பிள்ள பட்டபாடு..."

"இன்னும் ஒண்ணு இருக்கு ஆச்சி." சங்கரேஸ்வரி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தார். "ஏர்போட்டுல கத்தியால அறுப்பான், இல்ல கையால கிழிப்பான். பல்லால கடிச்சு இழுக்க மாட்டான். என் வீட்டுல சோப்புத்தூள் பாக்கெட்டுலருந்து அரிசிப் பை வரைக்கும் இந்த மாதிரிதான் கிழியும். சீசன் இல்லாத காலத்துல குற்றாலத்துக் குரங்குக்குப் பசி சாஸ்தி. ஷார்ஜாவுலருந்து புளியறை வழியா நேரா இந்தத் தெருவுக்கு வந்த பழத்தக் குரங்கு எப்பக் கடிச்சுது?"

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த பிச்சைமணிக்கு இனி முடியவில்லை.

"நான் சொல்லுதேன் மேடம்! பழைய குற்றாலத்துக்குப் போற பாதையில ஒரு பங்களா. காவக்காரன் நல்லா ஞாபகம் வச்சிருக்கான். நாலு பேரு, அதுல ஒருத்தர் பேரு காஜா. சூட்கேஸ்ல ஏர்போட்டுச் சீட்டுகூட உரிக்கல. ரெண்டாம் நாளு சன்னல் வழியா குரங்கு பையத் தூக்கிட்டு ஓடியிருக்கு. இவரு செருப்பக் கழத்தி எறிஞ்சாராம். குரங்கு செருப்பையும் எடுத்துட்டுப் போயிட்டாம். கீழ சிந்துனதப் பொறுக்கி டேப்பு வாங்கிட்டு வரச் சொல்லி ஒட்டுனது அந்தக் காவக்காரன்தான். குரங்கு எச்சி! ஊரெல்லாம் குடுத்திருக்கீரேவே! நான் ரெண்டு தின்னேன்!"

மாஜிதாவின் கை வாய்க்குப் போனது. மிச்ச நோன்பு நாட்கள் முழுக்க அந்தப் பழத்தில்தான் அவள் நோன்பு திறந்திருந்தாள்.

"பாஸ்போட்ட எடுத்துட்டு வாங்க தம்பி," என்றார் சங்கரேஸ்வரி. "வந்த தேதி அதுல இருக்கும். நான் சொன்னது தப்புன்னா நாளைக்குச் சபையில நான் மன்னிப்புக் கேக்கேன்."

காஜா எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்த வெங்காயத் தோலைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"கூட்டாளிக கூட நாலு நாளு இருந்துட்டு வீட்டுக்கு வருவம்னுதான்..." என்றான் கடைசியில். "அவ போன் பண்ணுனப்பக் குடிச்சிருந்தேன். நோன்பு மாசத்துல அந்த வாடையோட உம்மா முன்னால எப்படி நிக்க?"

"சரி. மறுநாக் காலையில தெளிஞ்சிருக்கும்லா?"

"ஷார்ஜாவுல இருக்கேன்னு சொல்லிட்டேன்." அவன் நிமிர்ந்து பார்த்தான். இது கூடப் புரியவில்லையா என்பதுபோல. "பிளேன் வார நேரத்துக்கு முன்னால எப்படி வர?"

தனக்குக் கோபம் வரும் என்று மிஸ்ரியா நினைத்தாள். வரவில்லை. ஆட்டோவில் பத்து நிமிடம். குற்றாலத்தில் உட்கார்ந்து அவன், தான் ஏறாத விமானம் ஒன்றுக்காகக் கடிகாரம் பார்த்திருக்கிறான். இப்போது ஏறியிருக்க வேண்டும், இப்போது கடலுக்கு மேல், இப்போது இறங்கியிருக்க வேண்டும், இப்போது புளியறை. அந்நேரமெல்லாம் இங்கே சட்டி நிரம்ப நிரம்ப அவள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தன் மேல் அப்பிக்கிடந்த அருவருப்பு தன்னுடையதே இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் அது உடம்பை விட்டு உடனே இறங்கவில்லை. பிறர் உடுத்திக் கழற்றிய ஈரத்துணியை இவ்வளவு நாள் போர்த்தியிருந்ததுபோல் தோல் கூசியது.

சங்கரேஸ்வரி எழுந்தார். "நீ தூரந்தான கேட்ட மிஸ்ரியா? அஞ்சு கிலோமீட்டரு. நீ கூப்பிட்ட அன்னைக்கே இவரு ஒரு ஆட்டோவுல ஏறியிருந்தா உசிரோட பாத்திருப்பாரு. உன் மேல தப்பு இல்ல. இதுல கேஸு ஒண்ணும் கெடையாது. நாங்க வாரோம். வாரும்வே."

பிச்சைமணி வாசல் வரை போய்த் திரும்பிக் காஜாவை ஒருமுறை பார்த்தார். வாயை மறுபடி துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கதவு சாத்தியது. முதலில் பேசியது மாஜிதா. இத்தனை நாளுக்குப் பிறகு சுவரைப் பார்க்காமல் மிஸ்ரியாவைப் பார்த்துப் பேசினாள். குரலில் அவசரமாய்த் தடவிய ஒரு குழைவு.

"ஏட்டி மிஸ்ரியா, இங்கன வா. உக்காரு. ஆம்பளப் பிள்ள, புத்தி தடுமாறிட்டான். உம்மாவுக்குத் தெரிஞ்சா அவளே பொறுத்திருப்பா."

காஜா அருகில் வந்து தரையில் உட்கார்ந்தான். "நாளைக்குக் கடையநல்லூர்லருந்து எம் மாமனார் வீட்டாளுக பூரா வராங்க. நீ மன்னிப்புக் கேக்கப் போறன்னு எல்லாருக்கும் தெரியும். திடீர்னு கேக்கலைன்னா ஏன்னு கிளறுவாங்க. கேட்டுரு. ஒரே ஒரு வார்த்த. பிந்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். அதுல உனக்கு என்ன கொறஞ்சிரும்? நேத்து வரைக்கும் கேக்கத்தான இருந்த?"

"ஆமா, நேத்து வரைக்கும் சம்மதிச்சால்லா," என்றாள் மாஜிதா. "குடும்ப மானம் பிள்ள. உன்னய நான் நாளைக்கே எங்கூட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் உங்கிட்டப் பேசுவாங்க."

எல்லாரும் பேசுவார்கள். அது உண்மைதான் என்று மிஸ்ரியாவுக்குத் தெரிந்தது. வாசல் நிறையச் செருப்பு கிடக்கும். பெருநாளுக்குப் பலகாரம் வரும். புருசன் போனில் சிரிப்பான். நாளைக்கு மறுநாளிலிருந்து யாரும் பேசாத வீடு எப்படி இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். அதில்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள். காஜா அவள் கையைப் பிடிக்கக் கை நீட்டினான். அவள் தன் கையை மடியிலிருந்து எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணே," என்றாள்.

"என்ன இல்ல?"

"நான் கேக்க மாட்டேன்."

அதட்டவில்லை, அழவும் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. அவள் எழுந்து சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயடிக்குப் போனாள். அவள் மறுபடி ஏதாவது சொல்வாள் என்று இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.